பழைய ஜன்னல்களை வைத்துக் கட்டிய வெயில் திண்ணை

கிருஷ்ணகிரி மாவட்டம் என்றாலே மாம்பழம், கல் குவாரி, கொளுத்தும் வெயில் என்று நினைப்பவர்கள் கிருஷ்ணகிரி டவுனை மட்டும் பார்த்தவர்களாக இருப்பார்கள். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை ஏறி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை தாண்டி தளிப் பக்கம் வந்துவிட்டால் நிலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கிறது. தளிக்குக் குட்டி இங்கிலாந்து என்று பேர் வந்தது சும்மா இல்லை. மார்கழி, தை மாதங்களில் விடிகாலையில் வாசல் தெளிக்கிற தண்ணீரில் கை வைக்க முடியாது. ஆனால் அதே நாளில் ஒன்பது மணிக்கெல்லாம் வானம் சுத்தமாகி நல்ல வெயில் அடிக்கும், வீட்டுக்குள் மட்டும் மத்தியானம் வரை குளிர் போகாது. கல் சுவர், சிமெண்ட் தரை, சின்ன ஜன்னல் வைத்த வீடுகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். என் அத்தைக்கு (மாமியார்தான்) முழங்கால் வலி, குளிர்காலம் முழுக்க நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெயில் நகர நகரத் தெருவில் நகர்ந்துகொண்டே இருப்பார். காற்று அடித்தால் அதுவும் முடியாது.

எங்கள் வீட்டு முன்திண்ணை தெற்குப் பார்த்தது, மங்களூர் ஓடு போட்டது, 14 அடி நீளம், 7 அடி அகலம். அதைப் பழைய ஜன்னல்களால் அடைத்து வெயிலைப் பிடிக்கிற அறையாக மாற்றினோம். கரண்ட் ஹீட்டர் எதுவும் இல்லை. மூன்றாவது குளிர்காலம் ஓடுகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேள்விகள் கேட்பதால், எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன்.

முதலில் திசை. இதில் ஏமாந்தால் மற்றது எதுவும் உதவாது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் உச்சி வேளையில்கூட சூரியன் தலைக்கு மேல் வராது, தெற்கே சாய்ந்து சுமார் 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் தெற்குப் பார்த்து நிமிர்ந்து நிற்கிற கண்ணாடிக்குள் வெயில் நன்றாக இறங்கும். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த நாட்களில் உச்சி வெயில் தெற்குக் கண்ணாடி மேல் நேராக விழவே விழாது. குளிர்காலத்தில் வெயில், கோடையில் நிழல், இரண்டையும் தெற்குச் சுவர் தானாகவே கொடுக்கிறது. கூரை கொஞ்சம் முன்னால் நீட்டியிருந்தால் இன்னும் நல்லது. ஒரு அடி நீட்டலுக்கு டிசம்பர் மதியம் சுமார் ஒன்றே கால், ஒன்றரை அடி நிழல்தான் கீழே இறங்கும், மார்ச் 21 வாக்கில் அதே ஒரு அடிக்கு நாலரை அடி நிழல் இறங்கும். ஆகவே ஓட்டு நுனிக்கு ஒன்றரை அடி கீழே ஜன்னலின் மேல்விளிம்பு வருகிற மாதிரி வைத்தோம். மார்கழியில் கண்ணாடி முழுக்க வெயில், பங்குனியில் கிட்டத்தட்ட முழுக்க நிழல். உங்கள் வீட்டில் கட்டும்போது ஒரு மூங்கில் கழியை நட்டு, மார்கழி மதியத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் பார்த்துக்கொண்டாலே போதும்.

கிழக்குப் பக்கத்திலும் ஜன்னல் வைத்தோம், ஏனென்றால் குளிர் அதிகம் உறைக்கிற நேரம் காலைதான், மார்கழியில் சூரியன் உதிப்பதே நேர் கிழக்கில் இல்லாமல் தென்கிழக்கில். மேற்கை மட்டும் செங்கல் வைத்து முழுசாக அடைத்துவிடுங்கள். சாயங்கால வெயில் தாழ வரும், எந்தக் கூரை நீட்டலும் அதைத் தடுக்காது. சித்திரையில் மேற்குக் கண்ணாடி வைத்த அறைக்குள் நாலு மணிக்கு உட்கார முடியாது.

அடுத்தது கூரை. வெளிநாட்டுப் படங்களில் கூரையும் கண்ணாடியாக இருக்கும், அதைப் பார்த்துவிட்டு அப்படியே கேட்பவர்கள் உண்டு. தயவு செய்து வேண்டாம். நமக்கு வருஷத்தில் பாதி நாள் சூரியன் தலைக்கு மேல்தான் நிற்கிறது. கண்ணாடிக் கூரை போட்டால் மார்ச்சிலிருந்தே அந்த அறையைப் பூட்டி வைக்க வேண்டியதுதான். அது போக, ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் நம் பக்கம் ஆலங்கட்டி விழும், குரங்கு ஓடும், தேங்காய் விழும். தலைக்கு மேல் சாதாரணக் கண்ணாடி வைப்பது ஆபத்து. எங்கள் ஓட்டைக் கழற்றவில்லை. ஆனால் ஓட்டு இடுக்குகள் வழியாகச் சூடான காற்று எல்லாம் மேலே போய்விடும் என்பதால், ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் கட்டைக்கு அடியில் மூங்கில் பாய் அடித்து, அதற்கு மேல் தெர்மோகோல் அட்டையைப் பரப்பிவிட்டோம். குளிர்காலத்தில் சூடு மேலே போகாது, கோடையில் ஓட்டுச் சூடு கீழே இறங்காது. மொத்த வேலையிலும் குறைந்த செலவில் அதிகப் பலன் கொடுத்தது இதுதான். தெர்மோகோல் தீப்பிடிக்கிற சாமான், பல்பையோ வயரையோ அதைத் தொடுகிற மாதிரி வைக்காதீர்கள்.

இப்போது ஜன்னல்களுக்கு வருகிறேன். பெங்களூரில் பழைய பங்களாக்கள் இடிபட இடிபட அவற்றின் கதவும் ஜன்னலும் ஓசூர் பக்கத்துப் பழைய மரச் சாமான் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. தேக்கு ஜன்னல்கள், அதில் பித்தளைக் கீல், பித்தளைக் கொண்டி. புதிதாகச் செய்ய நினைத்தால் அந்த மரமே இன்று கிடைக்காது. விலை குறைவு என்பதற்காக மட்டும் நான் இவற்றைத் தேடவில்லை. புதிதாக அலுமினியச் சட்டம் போட்டால் பெரும்பாலும் பாதிக் கண்ணாடி நகர்ந்து மறு பாதியை மூடும், அல்லது திறக்கவே முடியாதபடி பதித்த கண்ணாடியாக இருக்கும். பழைய ஜன்னலில் இரண்டு கதவும் வெளியே விரியத் திறக்கும், மேலே தனியாக வெண்டிலேட்டர் பலகை இருக்கும். வெயில் அறைக்கு வேண்டியது இதுதான்: முழுசாக மூடவும் முழுசாகத் திறக்கவும் முடிய வேண்டும். மூடத் தெரிந்து திறக்கத் தெரியாத கண்ணாடி அறை நம் ஊரில் ஒரு அடுப்பு.

வாங்கும்போது நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். சட்டத்தின் கீழ்க்கட்டையை முதலில் பாருங்கள், மழைத் தண்ணீர் நிற்பது அங்கேதான், உளுத்திருந்தால் அங்கேதான் தெரியும். ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் மரம் உள்ளே போகக் கூடாது. கரையான் தடம் இருக்கிற சட்டத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். நாலு மூலை இணைப்பும் ஆடுகிறதா என்று கையில் பிடித்து முறுக்கிப் பாருங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, ஆசாரி ஆப்பு வைத்து இறுக்கிவிடுவார், சட்டமே முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், அதை நிமிர்த்த முடியாது. கண்ணாடி உடைந்திருப்பது ஒரு குறையே இல்லை, மாற்றிவிடலாம். நிலையோடு கிடைத்தால் நிலையோடு வாங்குங்கள். கதவை மட்டும் வாங்கி அதற்குப் புது நிலை செய்தால் ஆசாரி கூலி ஜன்னல் விலையைத் தாண்டிவிடும்.

எங்களுக்குக் கிடைத்தவை ஒன்றுக்கொன்று அளவு சேராதவை. வழக்கமாகக் கொத்தனார் சுவரைக் கட்டி ஓட்டை விடுவார், அதற்குள் ஜன்னலைப் பொருத்துவார்கள். பழைய ஜன்னலுக்கு இந்த வரிசை சரிப்படாது. முதலில் வாங்கின எல்லா ஜன்னலையும் களத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, திண்ணை நீளத்துக்குக் கயிறு பிடித்து, மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தோம். ஆசாரி பெரியவர், அவர்தான் வழி சொன்னார். "ஏம்மா, மேல்மட்டம் மட்டும் ஒரே கோட்டுல வரட்டும். கீழ எறக்கம் மேடா இருந்தா செங்கல்லு சரி பண்ணிக்கும்." அப்படியே செய்தோம். மேல்விளிம்பு எல்லாம் ஒரே மட்டம், கீழே குட்டைச் சுவர் சில இடத்தில் இரண்டரை அடி, சில இடத்தில் மூன்று அடி. பார்க்க ஒழுங்காகவே இருக்கிறது. அந்தக் குட்டைச் சுவர் வேறொரு காரணத்துக்கும் தேவை. பழைய ஜன்னல் கண்ணாடி கெட்டிப்படுத்தாத சாதாரணக் கண்ணாடி, உடைந்தால் கத்தி மாதிரித் துண்டாகும். குழந்தைகள் ஓடுகிற வீட்டில் கால் உயரத்தில் அந்தக் கண்ணாடி இருக்கவே கூடாது. கைக்கு எட்டுகிற இடத்துக் கண்ணாடிகளுக்கு உள்பக்கம் பாதுகாப்பு பிலிம் ஒட்டியிருக்கிறேன்.

எடையையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 4 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ. அதோடு தேக்குச் சட்டம். இதை எல்லாம் திண்ணையின் பழைய மரத்தூண் மேல் சாத்திவிட முடியாது, குட்டைச் சுவருக்குத் தனியாகக் கடைக்கால் தோண்டி, நிலைகளின் எடை நேராகச் சுவரில் இறங்குகிற மாதிரி வைக்க வேண்டும்.

பெயிண்ட் விஷயத்தில் கவனமாக இருங்கள், இதை யாரும் சொல்வதில்லை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய ஜன்னலில், அதுவும் ஐம்பது அறுபது வருஷத்துப் பங்களா ஜன்னலில், அடுக்கடுக்காக இருக்கிற பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும், சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற விஷம் அது. தீ வைத்து உரிப்பது அதைவிட மோசம். நாங்கள் வீட்டை விட்டுத் தள்ளி, கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, தண்ணீர் தெளித்து ஈரத்திலேயே சுரண்டினோம். முகத்துக்கு நல்ல மாஸ்க், வேலை முடிந்ததும் துணியைத் தனியாகத் துவைத்தோம், சுரண்டின சக்கையைத் தாளோடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்தினோம், தோட்டத்தில் கொட்டவில்லை. பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருந்த இடங்களைச் சுரண்டாமல் அப்படியே விட்டு மேலே புதுப் பெயிண்ட் அடித்தோம். கறுத்துப்போன பித்தளைக் கீல்களை மட்டும் பழம்புளியில் ஊறவைத்துத் தேய்த்தது அத்தையின் வேலை, புதுசு மாதிரி வந்தது.

சரி, வெயில் உள்ளே வந்துவிட்டது. அதைப் பிடித்து வைப்பது எப்படி? கண்ணாடி வெயிலை உள்ளே விடும், ஆனால் சூடான தரையும் சுவரும் வெளிவிடுகிற வெப்பக் கதிரைத் திரும்ப வெளியே விடாது. எங்கள் கண்ணாடிப் பரப்பு மொத்தம் 60 சதுர அடி இருக்கும். நல்ல மார்கழி வெயிலில் இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஓடுகிற அளவுக்கு வெப்பம் உள்ளே வருகிறது. அதை வாங்கி வைத்துக்கொள்ள கனமான பொருள் இல்லையென்றால் பத்து மணிக்குப் புழுங்கும், ஆறு மணிக்கே சில்லென்று ஆகிவிடும். கல் நம் மாவட்டத்தில் கிடைப்பது போல எங்கே கிடைக்கும்! கிரானைட் அறுக்கிற பட்டறைகளில் ஓரத்தில் கழித்துப் போடுகிற கறுப்புக் கல் துண்டுகளை வாங்கி, மெருகு ஏற்றாத முரட்டுப் பக்கம் மேலே வருகிற மாதிரி தரைக்குப் பதித்தோம். வழுக்காது, கறுப்பு நிறம் வெயிலை நன்றாக வாங்கும்.

கல்லைவிடத் தண்ணீர் இன்னும் நல்லது. ஒரே கொள்ளளவில் கிரானைட்டைப் போல இரண்டு மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் வைத்துக்கொள்ளும். வீட்டுச் சுவரை ஒட்டி, வெயில் விழுகிற இடத்தில், கறுப்புப் பெயிண்ட் அடித்த 200 லிட்டர் டிரம்கள் இரண்டு நிற்கின்றன, மேலே பலகை போட்டு உட்காரும் பெஞ்சாக்கிவிட்டோம். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கொசு முட்டையிடும். தொட்டால் சாயங்காலம் ஏழு மணிக்கும் டிரம் வெதுவெதுப்பாக இருக்கும், அத்தை அதில் முதுகை ஒட்டி உட்கார்ந்துதான் சீரியல் பார்க்கிறார்.

திண்ணைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில் இரண்டு திறப்பு விட்டோம், ஒன்று தரையை ஒட்டி, ஒன்று கூரையை ஒட்டி. சூடான காற்று மேல் திறப்பு வழியாகக் கூடத்துக்குள் போகும், கூடத்தின் குளிர்ந்த காற்று கீழ்த் திறப்பு வழியாகத் திண்ணைக்கு வந்து மறுபடி சூடாகும். ஃபேன் வேண்டாம். ஃபெலிக்ஸ் டிராம்ப் என்ற பிரெஞ்சுக்காரர் 1967-ல் பிரான்சின் பிரனீஸ் மலையில் ஒடெய்யோ என்ற ஊரில் கட்டிய வீட்டின் சுவரும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. அவருடையது கண்ணாடிக்குப் பின்னாலேயே ஒரு கனத்த சுவர், எங்களுடையதில் நடுவில் ஆள் உட்கார இடம் இருக்கிறது. ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: ராத்திரியில் இந்த ஓட்டம் தலைகீழாகும், கூடத்தின் சூட்டைத் திண்ணை இழுத்துக்கொள்ளும். அதனால் இரண்டு திறப்புக்கும் பலகைக் கதவு உண்டு. நாலரை மணிக்கு வெயில் இறங்கும்போது மூடிவிட்டு, ஜன்னல்களுக்கு உள்ளே கனத்த ஜமக்காளத்தை இறக்கிவிடுவோம். ஒற்றைக் கண்ணாடி சூட்டை வேகமாக இழக்கும், ஜமக்காளம் போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் வித்தியாசம் காலையில் நன்றாகவே தெரிகிறது. காலையில் வெளியே 12, 13 டிகிரி இருக்கும்போது திண்ணை 17, 18 இருக்கும், பத்தரை மணிக்கு 28 ஆகிவிடும். பனி மூட்டம் விலகாத நாட்களில் இவ்வளவு கிடைக்காது.

கண்ணாடியின் உள்பக்கம் அதிகாலையில் வேர்த்துத் தண்ணீர் வழியும், கீழ்க்கட்டையில் நின்றால் தேக்கே ஆனாலும் உளுத்துப்போகும். கட்டையின் உள்விளிம்பில் சின்னக் காடி வெட்டி, வெளியே போக ஒரு துளை விடச் சொன்னேன். துணி வைத்துத் துடைக்கிற வேலை பாதியாகக் குறைந்தது.

வயசானவர்கள் இருக்கிற வீட்டுக்கு முக்கியமான ஒன்று. உடம்பில் வைட்டமின் டி உண்டாகத் தேவையான புற ஊதா பி கதிரை ஜன்னல் கண்ணாடி கிட்டத்தட்ட முழுசாகத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் நாளெல்லாம் உட்கார்ந்தாலும் சூடு கிடைக்கும், அது கிடைக்காது. அதனால் பதினொரு மணிக்குக் குளிர் போனதும் ஒரு ஜன்னலை அகலத் திறந்து, வெயில் நேராகக் காலில் படுகிற மாதிரி அத்தையைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறோம். திறக்கிற ஜன்னலாக இருப்பதால்தான் இது முடிகிறது.

மாசி, பங்குனி வந்தால் திண்ணைக்கு வேறு வேலை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளி உலுக்குகிற காலம் அது. ஓடு உடைத்துக் கொட்டை எடுத்த புளியை மூங்கில் தட்டில் பரப்பி உள்ளே வைப்பேன். கீழ் ஜன்னலைக் கொஞ்சமும் மேல் வெண்டிலேட்டரை முழுசாகவும் திறந்து வைத்தால் சூடான காற்று நகர்ந்துகொண்டே இருக்கும், தூசி கிடையாது, ஈ வராமல் வலை அடித்திருக்கிறோம். எல்லாவற்றையும் மூடி வைத்துக் காயப்போட்டால் ஈரம் உள்ளேயே சுற்றிப் பூஞ்சை பிடிக்கும். காய்வதற்குச் சூட்டைவிடக் காற்றோட்டம் முக்கியம். மிளகாய், இலை வடகம் எல்லாம் இங்கேதான். நேர் வெயிலில் நிறம் வெளுக்கிற சாமானுக்கு மேலே ஒரு மெல்லிய துணி போடுங்கள்.

ராகியை மட்டும் நான் திண்ணையில் வைப்பதில்லை. அறுவடைக் காலத்தை ஒட்டித்தான் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தளிக் காடுகளுக்கு வருகிறது. தானிய வாசனைக்குச் சுவரையே முட்டுகிற மிருகத்துக்குக் கண்ணாடி ஒரு பொருட்டா? காட்டை ஒட்டி வீடு இருந்தால் பலாப்பழமோ தானிய மூட்டையோ இந்த அறையில் ஒரு ராத்திரிகூட வைக்காதீர்கள்.

கோடையில் எல்லா ஜன்னலும் இரவும் பகலும் திறந்தே இருக்கும், அப்போது அது பழைய திண்ணைதான். கிழக்கு ஜன்னலுக்குப் பந்தல் போட்டுப் பீர்க்கன் கொடி ஏற்றுகிறோம், தையில் விதைத்தால் சித்திரையில் மூடிவிடும், ஐப்பசிக்குள் காய்ந்த கொடியை அறுத்துவிடலாம். அவரை ஏற்றாதீர்கள், அது மார்கழியில்தான் செழித்து நிற்கும், வெயில் வேண்டிய நேரத்தில் மறைக்கும்.

வருஷத்துக்கு ஒரு முறை, புரட்டாசியில் மழைக்கு முன்னால், கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற மக்கு உதிர்ந்த இடத்தில் புது மக்கு வைத்து, சட்டத்துக்கு ஆளி விதை எண்ணெய் தடவி, குட்டைச் சுவரின் வெளிப்பக்கம் கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுகிறோம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், ஆளி விதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.